‘சூடம்மா’ என்றால் சூடம் இல்லை

திருப்பதியை அடுத்த திருச்சானூர் தாயார் கோயில் தெருவில் ஒரு பூக்கடை. கடைக்காரத் தாத்தா சாப்பிடப் போயிருந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கடையைத் தாண்டிப் போகப் பார்க்க, அவள் ஒரு தாமரையைத் தூக்கிப் பிடித்து, “சூடம்மா, சூடம்மா” என்றாள். அந்த அம்மா நடையை நிறுத்தாமலே, “சூடம் வாங்கியாச்சு கண்ணு” என்றார்.

சிறுமிக்கு இது பழகிப்போன சங்கடம் போலிருக்கிறது. “சூடம் இல்லம்மா, பாருங்கம்மான்னு சொன்னேன். தாயாருக்குத் தாமரைதான் விசேஷம்” என்று தமிழுக்கு மாறினாள். வியாபாரம் முடிந்தது. அடுத்து நின்றவர் கன்னடக்காரர். அவருக்குக் கன்னடத்தில் விலை சொன்னாள். தெலுங்கில் ‘சூடு’ என்றால் பார். நமக்கு அது சுடும்.

நான் சும்மா இருக்காமல், பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டுவைத்தேன். யோசிக்காமல் “இங்கிலீஷ்” என்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறாயே, ஏதாவது சொல்லேன் என்றேன். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தில் இருந்த ஒரு பத்தியை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கையிலிருந்த தாமரை என்ன விலை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. பதில் வரவில்லை.

மூன்று மொழியில் பூ விற்கத் தெரிந்த பிள்ளைக்கு நான்காவது மொழி ஐந்து வருடமாக ஏறவில்லை. குறையை அவள் நாக்கில் தேடிப் பயனில்லை.

இந்த ஊரில் மொழி எப்படி வருகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்த்திகை பிரம்மோற்சவத்தின்போது, அதிலும் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தில் முழுக்குப் போட வரும் கூட்டத்தில் எத்தனை மொழி கேட்கும் என்று எண்ணி முடியாது. ஆட்டோக்காரர், வளையல் கடைக்காரர், சத்திரத்தில் அறை சாவி கொடுப்பவர் என்று எவரும் மொழிக்கென்று எந்த வகுப்புக்கும் போனவர்கள் இல்லை. எதிரில் நிற்பவருக்கு ஏதோ வேண்டும். இவரிடம் அது இருக்கிறது. நடுவே ஒரு பள்ளம். அதைத் தாண்டப் பாதிச் சொல், பாதிக் கை, கொஞ்சம் சிரிப்பு. தப்பாகச் சொன்னால் யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லை. பூ விற்காது, அவ்வளவுதான். அடுத்த முறை சரியாகச் சொல்வார்கள்.

ஊரின் வரலாறே இரண்டு நாக்கு உள்ளது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை திருப்பதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் வந்தது. 1960-இல் திருத்தணி தமிழகப் பக்கம் வந்தது, திருப்பதி ஆந்திரப் பக்கம் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் வீட்டுக்குள் பேசும் மொழி கோட்டைக் கேட்டு மாறவில்லை. மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையை வைத்துக்கொண்டு முப்பது பாசுரத்தையும் பிசகாமல் சொல்லும் பிள்ளைகள் இங்கே உண்டு. அது தமிழ் என்று தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து காட்டியதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளை பள்ளிக்கூட வாசலில் செருப்போடு சேர்த்துத் தன் மொழிகளையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. உள்ளே மொழி என்பது எழுத்து, இலக்கணம், கேள்வி-பதில், மதிப்பெண். ஆந்திரத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இரண்டாம் மொழியான இந்திக்கு வெகுகாலமாகத் தேர்ச்சி மதிப்பெண் 20. மற்ற பாடங்களுக்கு 35. இதைச் சலுகை என்பார்கள். எனக்கு ஒப்புதல் வாக்குமூலமாகப் படுகிறது. பல வருடம் கற்பித்த ஒரு மொழி பிள்ளைக்கு வராது என்று அரசே முன்கூட்டி எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

நம் பக்கத்துக் கதை இதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. 2006-இல் தமிழ் கற்கும் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படித்தாக வேண்டும் என்றது. நியாயமான சட்டம்தான். ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய அந்தத் தொகுதி 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தெலுங்கும் உருதும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு கேட்டு நீதிமன்றப் படியேறினார்கள். விலக்கு கிடைத்தது, பிறகும் நீண்டது. தெருவில் தமிழ் பேசும் பிள்ளை, தமிழ்த் தாளைக் கண்டு பயந்து வழக்குப் போடுகிறது. சட்டத்துக்கும் அரசியலுக்கும் அப்பால், இது வகுப்பறையின் தோல்வி.

மொழிக் கல்வி பற்றி நாம் அறுபது வருடமாகப் போட்ட சண்டை எல்லாம் எண்ணிக்கைச் சண்டை. இருமொழியா, மும்மொழியா, எது முதலில், எது கட்டாயம்? எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு மாநாடும் கூடவில்லை, ஒரு பேருந்தும் எரியவில்லை. எரிய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உலகமே எட்டிப் பார்த்த இரண்டு விடைகள் நம் கொல்லைப்புறத்திலிருந்தே புறப்பட்டன.

முதல் விடை சென்னையிலிருந்து. 1950-களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி தரும் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. பயிற்சி பெற்றவர் இன்னும் சிலருக்குப் பயிற்சி தர, அவர்கள் வேறு சிலருக்குத் தர, உருட்டிவிட்ட பனிப்பந்து போலப் பெருகும் என்று கணக்கு. பனியையே பார்க்காத சென்னையில் அதற்கு அப்படித்தான் பெயரும் வைத்தார்கள். கற்பித்தது வாக்கிய அமைப்பு. ‘இது பேனா, அது மேசை’ என்று ஓர் அமைப்பை எடுத்து, வகுப்பே கோரஸாகச் சொல்லிப் பழகி, அடுத்த அமைப்புக்குப் போவது. எங்கள் தலைமுறை ஆங்கிலம் படித்தது இப்படித்தான். பேனா எதிரிலேயே இருக்கும்போது அது பேனா என்று யாருக்கு, எதற்குச் சொல்கிறோம் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

அதைக் கேட்டவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விப் பொறுப்பில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை, பெங்களூருவிலும் தமிழ்நாட்டிலுமாகச் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். மொழியின் வடிவம் மனத்தில் படிவது, மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போதுதான் என்பது அவர் கணிப்பு. அதனால் வகுப்பில் இலக்கணம் எடுக்கவில்லை. ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். இந்த ரயிலை விட்டால் அடுத்தது எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், சீக்கிரம் போக எந்த வழி? பிள்ளைகள் விடையைத் தேடுவார்கள். ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் பேசிப் பேசி நடத்துவார். விடை சரியா என்பதில்தான் எல்லார் கண்ணும். ஆங்கிலம் பக்கவாட்டில் உள்ளே நுழையும். பூக்கடைச் சிறுமிக்குக் கன்னடம் நுழைந்த அதே வழி. 1987-இல் பிரபு இதைப் புத்தகமாக எழுதினார். பணிவழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படும் முறைக்கு அது தொடக்க நூல்களில் ஒன்று. நம் ஊர் பி.எட். மாணவர்களும் படிக்கிறார்கள், தேர்வுக்கு.

பிரபுவின் சோதனையில் இன்று பலர் மறந்துபோகும் ஒரு செய்தி உண்டு. குழுவாக உட்காரவைத்துப் பிள்ளைகளையே பேசவிடுவதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நான்கு பேர் தங்களுக்குள் பேசினால், அரைகுறைதான் கெட்டிப்படும் என்று நினைத்தார். முதலில் முழு வகுப்போடு ஆசிரியரே ஒரு பணியைப் பேசி முடிப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும். மாணவர் மையக் கல்வி என்றாலே பெஞ்சை வட்டமாகப் போடுவது, ஆசிரியர் ஓரமாக நிற்பது, சார்ட் பேப்பரில் கலர் பென்சில் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். மையத்தில் இருக்க வேண்டியது பிள்ளையின் யோசனை. நாற்காலி எங்கே இருந்தால் என்ன?

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இந்தச் சோதனையை மதிப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். பழைய முறையில் படித்தவர்கள் அமைப்புத் தேர்விலும், பிரபுவின் பிள்ளைகள் பணி சார்ந்த தேர்விலும் முந்தினார்கள். எதற்குப் பழகினார்களோ அதில் தேறினார்கள். தேர்வுத்தாள் எழுதும் அதிகாரிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வரி இது என்பேன்.

திருச்சானூருக்கு இப்போது திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே சொந்த ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே தொங்கும் அட்டவணையைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து ஆறாம் வகுப்பில் வைத்தால் ஒரு வாரத்துக்கான ஆங்கிலப் பாடம் ஆயிற்று. அரக்கோணத்திலிருந்து ஒரு குடும்பம் பஞ்சமி தீர்த்தத்துக்கு வருகிறது. பாட்டியால் படி ஏற முடியாது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எந்த ரயில்? அந்த வகுப்பில் கை தூக்காத பிள்ளை இருக்காது. அவர்கள் வீட்டில் தினம் நடக்கும் பேச்சு அது.

இரண்டாவது விடை பழைய சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே பிறந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி. பெரிய பள்ளி அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கானது. சுற்றியிருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்காக, 1980-களின் பிற்பகுதியில், பத்மநாப ராவும் அவர் மனைவி ரமாவும் ஓராசிரியர் பள்ளிகளை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே, ரிஷி வேலியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர், எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்தில், 1972-இல் நீல் பாக் என்ற பள்ளியைத் தொடங்கியிருந்தார். அங்கே மணியடித்து வகுப்பு மாறியதில்லை, தேர்வும் இருந்ததில்லை. அவரும் அடிப்படையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்தான். பின்னால் வந்த பலருக்கு அந்தப் பள்ளி கண் திறப்பு.

ராவ் தம்பதியின் சிக்கல் எளிமையானது, கடுமையானதும்கூட. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஆடு மேய்க்கப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளை. எல்லாருக்கும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் நடத்த முடியாது. அதனால் பாடநூலைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் படக் குறி. சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை தான் விட்ட படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்து உட்காரும். பத்து நாள் வராதவன் பத்து நாள் பின்தங்குவதில்லை, விட்ட இடத்தில் தொடங்குவான். பெட்டிக்குள் அடங்கும் பள்ளிக்கூடம் என்று இதற்குப் பெயர் வந்தது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இதோடு கைகோத்து ஆராய்ந்தது.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பினார். பதின்மூன்று பள்ளிகளில் தொடங்கியது செயல்வழிக் கற்றல். 2007-இல் தமிழ்நாடு முழுதுமான அரசு, உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் போயிற்று. பாய் விரித்த தரை, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, குறுக்கே கட்டிய கம்பிப் பந்தலில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கும் படங்கள் எல்லாம் நம் பிள்ளைகள் பார்த்தவை. ‘அ’னாவில் தொடங்காமல், எழுத எளிய ட, ப, ம என்று தொடங்கினார்கள். ‘படம்’ முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. பெரியவர்கள் பதறினார்கள். பிள்ளைகள் பதறவில்லை.

அது பரவிய வேகத்தில் ஒரு பழைய நோயும் சேர்ந்து பரவியது. ரிஷி வேலியில் அட்டையை எழுதியவர் ஆசிரியர். தன் ஊர்க் கதையை, தன் ஊர்ப் பாட்டை அதில் வைத்தார். மாநிலம் முழுக்க ஒரே அட்டை அச்சாகி வந்தபோது ஆசிரியர் அட்டை விநியோகிப்பவரானார். ஆய்வுக்கு வரும் அலுவலர் பந்தலில் படம் தொங்குகிறதா என்று பார்த்தார். பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி ஆனது. ஒரு நல்ல முறையைச் சுற்றறிக்கையாக்கினால் இதுதான் நடக்கும்.

இதைவிட நுட்பமான ஒரு பிழை இரண்டாம் மொழியில் நேர்ந்தது. தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் அட்டை போதும். மொழி ஏற்கெனவே அதன் காதில் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் புதிது. ஆங்கில அட்டை அப்படி இல்லை. படத்தில் யானை இருக்கும், கீழே சொல் இருக்கும், ஆனால் அட்டை பேசாது. கேட்காத மொழியை யாரும் பேசியதில்லை. இரண்டாம் மொழிக்கு எதிரில் ஒரு மனிதக் குரல் வேண்டும், அது கேட்டுப் பதிலும் சொல்ல வேண்டும். ரிஷி வேலியின் ஏணியோடு பிரபுவின் பேச்சும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இருநூறு சொச்சம் கிலோமீட்டர் வட்டத்துக்குள் பிறந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. நல்ல பெயர்கள், நல்ல நோக்கம். ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கும் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் தானாக ஆங்கிலம் பேசியது என்று அளக்கும் கட்டம் அதிலும் தேவை.

இனி, இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள சங்கதிக்கு வருகிறேன். பிள்ளையின் வீட்டு மொழியை வகுப்புக்குள் விடலாமா? விடலாம் என்று நூறு வருடம் முன்பே செய்து காட்டியவர் கிடுகு ராமமூர்த்தி. இன்று அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். பர்லாக்கிமிடியில் ஆசிரியராக இருந்த அவர், சவர பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு ஏறவில்லை என்று குறைசொல்லிக்கொண்டிருக்கவில்லை. தானே சவர மொழியைக் கற்றார், அதில் பாடநூல் எழுதினார், பள்ளி வைத்தார். மாணவரை மையத்தில் வைக்க ஆசிரியர் முதலில் மாணவராக வேண்டியிருந்தது. அதே மனிதர்தான், புத்தகத் தெலுங்கு பேச்சுத் தெலுங்கை ஒட்டி வர வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடினார். இன்றைய தெலுங்குப் பாடநூல் பெருமளவு வாயில் வரும் தெலுங்காக இருப்பதற்கு அந்தப் போராட்டம் ஒரு காரணம்.

தமிழுக்கு அப்படி ஒரு கிடுகு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நாம் விட்டிருக்க மாட்டோம். அதனால் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. கடைத்தெருவில் ‘போறேன்’, புத்தகத்தில் ‘செல்கிறேன்’. அதைப் பேசிப் பார்த்தால் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் இதைக் கூச்சமில்லாமல் எதிர்கொண்டார்கள். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பில் நல்ல பேச்சுத் தமிழைக் கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையை முதலில் பேசவைப்போம், எழுத்து நடை பின்னால் வரட்டும் என்ற கணக்கு. ஓசூருக்கும் ஒத்துவரும் கணக்குதான்.

வேடிக்கை என்னவென்றால், தெலுங்குப் பிள்ளையின் வாயில் நம் பழந்தமிழ் பத்திரமாக இருக்கிறது. நாம் காது என்கிறோம், அந்தப் பிள்ளை ‘செவி’ என்கிறது. நமக்கு மாடு, அதற்கு ‘ஆவு’. நமக்கு வீடு, அதற்கு ‘இல்லு’. நாம் மலை என்னுமிடத்தில் அது ‘கொண்ட’ என்கிறது. நம் ‘குன்று’ அதற்கு உறவு. தமிழ்ச் சிறுவன் பதவுரை பார்த்துப் படிக்கும் சொல்லைத் தெலுங்குச் சிறுமி தோசை தின்றுகொண்டே பேசுகிறாள். தின்பது என்றதும் நினைவு வருகிறது: தெலுங்கில் ‘தின்னாவா’ என்பது அன்பான விசாரிப்பு. தமிழில் விருந்தாளியிடம் “தின்னீங்களா” என்று கேட்டால் வீட்டில் அடி விழும். இந்த உறவையும் இந்த வம்பையும் வகுப்பில் பேசினால் இரண்டு மொழியும் ஒரே மணி நேரத்தில் படியும். எழுத்திலும் அப்படித்தான். ஒரே ‘க’வை நாலு விதமாக உச்சரிக்கும் நம் சிக்கனத்தைக் கண்டு தெலுங்குப் பிள்ளை மலைக்கும். தெலுங்கின் ‘ஒத்து’களைக் கண்டு தமிழ்ப் பிள்ளை மலைக்கும். மலைப்பைப் பகிர்ந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் ஒரு வழி கண்டார். காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, இன்று உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். பிள்ளை சொன்னதைக் கெட்டி அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். பயம், பாசம் இரண்டில் ஒன்று அந்தச் சொல்லில் இருக்கும். மறுநாள் அந்த அட்டையைப் பிள்ளை படிக்காவிட்டால் அதைக் கிழித்துப் போடுவார். குறை சொல்லுடையது, பிள்ளையுடையது இல்லை. 1963-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர், தமிழில் சொன்னால், ‘ஆசிரியர்’. திருச்சானூரில் கேட்டால் என்ன சொல் வரும்? லட்டு வரும், ஆட்டோ வரும், யானை நிச்சயம் வரும். ஆப்பிளும் இக்லுவும் வராது.

எதிர்க்கேள்வி ஒன்றுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். கடைத்தெரு மொழி கடைத்தெருவோடு நின்றுவிடுமே, மருத்துவர் சீட்டைப் படிக்க, மனு எழுத, கல்லூரியில் விரிவுரை கேட்க அது உதவுமா? உதவாது. பூக்கடைச் சிறுமி தமிழ் பேசுகிறாள், ஆனால் சென்னைப் பேருந்தின் தமிழ்ப் பலகையை அவளால் படிக்க முடியாது. பேச்சு தானாக வரும், படிப்பும் எழுத்தும் தானாக வராது. அதற்குத்தான் பள்ளிக்கூடம். ஏற்கெனவே இருக்கும் அடித்தளத்தின்மேல் சுவர் எழுப்பாமல், அதைத் தோண்டி எறிந்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஏன் கட்ட வேண்டும்?

2019-இல் ஆந்திர அரசு தன் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த அமளியில் விளைந்த ஒரு நல்ல பொருள், ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக அச்சிட்ட இருமொழிப் பாடநூல். பிள்ளை கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிடலாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்: எல்லையோரத் தெலுங்குப் பிள்ளைக்குத் தமிழ்-தெலுங்கு எதிரெதிர்ப் பக்கங்கள். அதைச் செய்ய இடம்கூடத் தயாராக இருக்கிறது. தென்னிந்திய மொழிகளை ஒரு வளாகத்தில் கொண்டுவர 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு நடுவே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் போடவும் அவர்கள் மனம் வைக்க வேண்டும்.

செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும். திருப்பதி, சித்தூர் மாவட்ட ஆசிரியர்களையும் எல்லைக்கு இப்பால் திருத்தணி, ஓசூர் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வாரம் மொழிப் பாடநூலைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு எத்தனை மொழி தெரியும், யாரிடம் எதைப் பேசுவாய் என்று கேட்டு, பெயருக்கு நேரே கரும்பலகையில் எழுதுங்கள். அதை அழிக்காமல் வருடம் முழுக்க வைத்திருங்கள்.